நான்கு பேர் நின்ற கரை

சௌந்தரநாயகி டீச்சரின் ஞாபகமறதி வெள்ளாற்றங்குடி நடுநிலைப்பள்ளியில் பிரசித்தம். கண்ணாடியைத் தலைக்குமேல் ஏற்றி வைத்துக்கொண்டு மேசை மேசையாகத் தேடுவார். கண்டுபிடித்துக் கொடுக்கும் பிள்ளையையே, "இதை முன்னாடியே சொல்றதுக்கென்ன?" என்று கடிந்துகொள்வார். ஆனால் இருபது வருடத்துக்கு முந்தைய ஒரு நாள் மட்டும் அவருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் ஞாபகம் இருந்தது. அப்படித்தான் அவர் நினைத்துக்கொண்டிருந்தார்.

அந்த நாளைக் கிளறிவிட வந்தவள் ரோஸ்லின். வெயில் ஏறிக்கொண்டிருந்த ஒரு முற்பகலில் ஆசிரியர் அறை வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு நின்றாள்.

"என்னைத் தெரியுதா டீச்சர்? ஆறாம்பு. மூணாவது பெஞ்சு, ஜன்னல் ஓரம்."

தெரியாமல் என்ன? முப்பத்தொரு வயதில் உடம்பு பூசியிருந்தாலும், பேசுவதற்கு முன் தலையைச் சாய்த்து ஒரு கணம் யோசிக்கும் பழக்கம் அப்படியே இருந்தது.

"ரோஸ்லின்தானே? பஸ் ஸ்டாண்டு பக்கம் நீ தையல் கடை வெச்சிருக்கிறதா சொன்னாங்க. உட்காரும்மா."

"என் பொண்ணு ஆக்ஸிலியா இங்கதான் ஆறாம்பு படிக்கிறா. பிரசவ லீவுல போன டீச்சருக்குப் பதிலா நீங்க வந்திருக்கீங்கன்னு அவதான் சொன்னா. அதான் தைரியமா வந்தேன்." ரோஸ்லின் நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள். "அவ பலகையில எப்பவும் நாலு வரிக் கதைதான் வருது டீச்சர். பக்கத்துல இருக்கிற பிள்ளைக்கு நாலு பக்கம் வருது. கேட்டா, இவ மெதுவாப் படிக்கிறாளாம். துணை முடிவு பண்ணிடுச்சாம்."

துணை என்பது பிள்ளைகளின் வாசிப்புப் பலகைக்குள் குடியிருந்த மூளை. பிள்ளை படிக்கும்போது அதன் கண்ணை இது படிக்கும். எந்த வரியில் கண் நின்றது, எத்தனை முறை மேலே திரும்பியது, கேள்விக்குக் கை தூக்க எத்தனை நொடி ஆனது என்றெல்லாம் கணக்குப் போட்டு, இந்தப் பிள்ளைக்கு முழுப்பாடம், அந்தப் பிள்ளைக்குச் சுருக்கம் என்று பிரித்துக் கொடுக்கும். பாடத்திட்டம் தயாரிக்கும் தலைவலி ஒழிந்தது என்று ஆசிரியர்கள் அதைக் கொண்டாடினார்கள். எல்லோரையும்விட முதலில் கொண்டாடியவர் சௌந்தரநாயகி. அதற்கு அவரிடம் காரணம் இருந்தது.

"இவ கண்ணு திரும்பத் திரும்ப மேல் வரிக்குப் போகுதாம். புரியாதவங்கதான் அப்படிப் பண்ணுவாங்களாம்" என்றாள் ரோஸ்லின். "ஆறாம்பு முடியிறப்ப முழுப்பாடமா சுருக்கமா, எந்தப் பாதைன்னு முடிவு பண்ணிட்டா, அப்புறம் பன்னெண்டாவது வரைக்கும் மாத்த முடியாதாமே? ஒரு முழுக்கதை அவ கண்ணுல படாமலே போயிடும் டீச்சர். இன்னும் மூணு வாரம்தான் இருக்கு."

"பார்க்கிறேன் ரோஸ்லின். நான் சொன்னா கேக்கிற மெஷின் இல்ல அது."

"நீங்க பார்த்தா நடக்கும். உங்களைப் பத்தி எனக்குத் தெரியாதா?" ரோஸ்லின் சிரித்தாள். "அந்த ரெக்கார்டிங் எடுக்க வந்தாங்களே, ஞாபகம் இருக்கா? முதல் நாள் சாயங்காலம் என்னைக் கூப்பிட்டு நெத்தியில கை வெச்சுப் பார்த்தீங்க. 'கண்ணெல்லாம் செவந்திருக்கு, காய்ச்சல் வரப்போவுது, நாளைக்கு வராதே, வீட்ல படு'ன்னீங்க. எங்கம்மா கூட கவனிக்கல டீச்சர். நாலு பிள்ளைங்கள்ல யாருக்கு என்னன்னு அவங்களுக்கு எங்க தெரியும்? நீங்க கவனிச்சீங்க. இன்னிக்கு வரைக்கும் ஆக்ஸிலியாகிட்ட சொல்லிக்கிட்டே இருப்பேன்."

அவள் போன பிறகு டீச்சர் வெகுநேரம் கையைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். அந்த நெற்றி சுடவே இல்லை. குளிர்ந்துதான் இருந்தது.

நடந்தது இதுதான். துணையைப் பழக்குவதற்கு நாற்பது சிறந்த வகுப்புகள் தேவைப்பட்டன. நல்ல ஆசிரியர் கதை சொல்லிக்கொடுக்கும்போது நல்ல மாணவர்கள் எப்படிப் படிப்பார்கள், எப்போது கண் கலங்குவார்கள், எத்தனை நொடியில் பதில் சொல்வார்கள் என்பதையெல்லாம் நேரில் வந்து பதிவு செய்துகொண்டு போனார்கள். முப்பத்தாறு வயது சௌந்தரநாயகியின் வகுப்பும் அந்த நாற்பதில் ஒன்று.

அதிகாரி வருகிறார் என்றால் பள்ளிக்கூடத்தில் என்ன செய்வோமோ அதைத்தான் அவரும் செய்தார். ஐந்து நாள் ஒத்திகை. பதில் தெரிந்தவர்கள் வலது கையைத் தூக்க வேண்டும், தெரியாதவர்கள் இடது கையைத் தூக்க வேண்டும். ஆக எல்லோரும் தூக்க வேண்டும். எந்த வரியில் யார் 'ச்சு' கொட்டுவது, எந்த இடத்தில் எல்லோரும் தலை குனிவது என்பது வரை பேசி வைத்தாயிற்று. இதை யாரும் ஏமாற்று என்று நினைத்ததில்லை. விருந்தாளி வந்தால் வீட்டைப் பெருக்கி வைப்பதில்லையா, அந்த மாதிரி.

பாடம், 'கடைசி நடை' என்று ஒரு சிறுகதை. வெள்ளத்தில் ஒரு பரிசல்காரர் ஊர் மக்களை நடை நடையாக அக்கரை சேர்க்கிறார். இருட்டுவதற்குள் கடைசி நடை. 'கரையில் நான்கு பேர் நின்றார்கள்' என்று ஒரு வரி. அப்புறம் இரண்டு பக்கத்துக்கு வெள்ளமும் சுழலும். முடிவில், 'மூன்று பேர் இறங்கினார்கள். அவர் பரிசலைக் கட்டிவிட்டு, துடுப்பைத் தோளில் சாய்த்துக்கொண்டு, யாருடனும் பேசாமல் நடந்தார்.' கேள்வி: பரிசல்காரர் துடுப்பை ஏன் எடுத்துச் சென்றார்? விடை: தொழில்பற்று. உரைநூலில் அப்படித்தான் இருந்தது. பதினோரு வருடமாக டீச்சரும் அதைத்தான் எழுதிப்போட்டார்.

ஐந்தாம் நாள் ஒத்திகையில் முப்பத்திரண்டு குரல்கள் "தொழில்பற்று" என்று கத்தி முடித்த பிறகு, ரோஸ்லின் தலையைச் சாய்த்தபடி எழுந்தாள்.

"டீச்சர், நாலு பேர் நின்னாங்க. மூணு பேர்தானே இறங்குறாங்க? அந்த ஒரு ஆளை இவரு விட்டுட்டு வந்துட்டாரு. வேற யாரும் பரிசலை எடுத்துட்டுப் போய்ப் பார்த்துடக் கூடாதுன்னுதான் துடுப்பைத் தூக்கிட்டுப் போறாரு."

டீச்சர் புத்தகத்தைப் புரட்டினார். நான்கு. மூன்று. பதினோரு வருடமாக அவர் கண்ணில் படாத ஆள், அந்தக் கரையில் நின்றுகொண்டிருந்தான். வகுப்பு சலசலத்தது. இரண்டு பிள்ளைகள் கணக்குப் பார்க்க ஆரம்பித்தன. அவருக்கு வந்தது வியப்பு அல்ல, பயம். நாளைக்கு இவள் கேமரா முன்னால் எழுந்து இதைக் கேட்டால்?

"அது எழுதினவர் ஏதோ கைத்தவறாப் போட்டிருப்பார். உட்காரு" என்றார். அன்று மாலை அவளைக் கூப்பிட்டு நெற்றியில் கை வைத்தார்.

மறுநாள் வகுப்பு அமர்க்களமாக நடந்தது. சான்றிதழ் வந்தது, சட்டம் போட்டுத் தலைமையாசிரியர் அறையில் மாட்டினார்கள். இப்போதும் அங்கேதான் தொங்குகிறது.

செவ்வாய்க்கிழமை லீவு எழுதிக் கொடுத்துவிட்டு டீச்சர் நகரத்துக்கு பஸ் ஏறினார். துணையைப் பராமரிக்கும் வாசிப்பு மையம் ஒரு பழைய நூலகக் கட்டடத்தில் இருந்தது. அலமாரிகள் போன இடத்தில் சுவரில் வெள்ளைப் பட்டைகள் தெரிந்தன. துணை பிள்ளைகளை அளக்கும் அளவுகோலுக்குப் பொறுப்பான ஹசீனா என்ற பெண்ணுக்கு முப்பத்தைந்து வயதிருக்கும். டீச்சர் பேசப் பேச அவள் எதையும் குறித்துக்கொள்ளவில்லை. டீயை மட்டும் அவர் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

"ஒத்திகை பார்த்த வகுப்பும்மா அது. கேள்வி கேட்ட பிள்ளையை வரவேண்டாம்னு சொல்லிட்டேன். நாலு நொடியில பதில் வந்ததுன்னா, அஞ்சு நாளா மனப்பாடம் பண்ணின பதில். ஒரு பிள்ளையும் திரும்பி மேல் வரியைப் பார்க்கலைன்னா, பார்க்க வேண்டிய அவசியமே இல்ல, எல்லாம் தலைகீழ் பாடம். அதைப் பார்த்து உங்க துணை, நல்லாப் படிக்கிற பிள்ளை இப்படித்தான் இருக்கும்னு எடுத்துக்கிச்சு. என்னால எத்தனை பிள்ளைங்க..." டீச்சர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "இருபது வருஷமா வாயை மூடிக்கிட்டு இருந்துட்டேன்."

"டீயைக் குடிங்க டீச்சர்" என்றாள் ஹசீனா. "நீங்க முப்பத்தெட்டாவது ஆளு."

"என்ன முப்பத்தெட்டு?"

"நாற்பது மாதிரி வகுப்புல முப்பத்தேழு பேர் இந்த நாற்காலியில உட்கார்ந்து இதையே சொல்லிட்டாங்க. சில பேர் ரிட்டயர் ஆகிற வாரம் வந்தாங்க. ஒருத்தர் வேளாங்கண்ணி போற வழியில வந்தார். மீதி ரெண்டு பேர் காலமாயிட்டாங்க. அதுல ஒருத்தரோட வீட்டுக்காரர் வந்து, 'அவ சாகும்போது சொல்லச் சொன்னா'ன்னுட்டுப் போனார்."

டீச்சருக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை. "அப்ப எல்லா வகுப்புமே..."

"எல்லாமே. ஒரு பிள்ளை ஒரு கதையை முதல் தடவையா எப்படிப் படிக்கும்னு துணை இதுவரைக்கும் பார்த்ததே இல்ல டீச்சர். தடுமாறி, திரும்பிப் போய், தப்பாப் புரிஞ்சுக்கிட்டு, மறுபடி வந்து... அதையெல்லாம் அது நோய்னு நினைச்சுக்கிட்டு இருக்கு."

"தெரிஞ்சும் ஏன் சும்மா இருக்கீங்க?"

ஹசீனா கோபப்படவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு படிவத்தை எடுத்தாள். "வாய்வார்த்தை செல்லாது. வகுப்பு பொய்னு நிரூபிக்கணும்னா, அன்னிக்கு ஒளிச்சு வெச்ச பிள்ளை ஒண்ணாவது கையெழுத்துப் போடணும். என்னை வரவேண்டாம்னு சொன்னாங்க, காரணம் இதுன்னு. நாற்பதுல ஒரு வகுப்பு விழுந்தாலும் விதிப்படி அளவுகோலைப் புதுசா எடுக்கணும். அது வரைக்கும் எந்தப் பிள்ளைக்கும் பாதை போட முடியாது. மாநிலமே நிக்கும்."

"அவ்வளவுதானா? ஒரு கையெழுத்தா?"

"அவ்வளவுதான். முப்பத்தேழு பேரும் இந்தப் படிவத்தை வாங்கிட்டுப் போனாங்க. ஒண்ணு கூட திரும்பி வரல." ஹசீனா மூக்கைத் தேய்த்துக்கொண்டாள். "என்கிட்ட சொல்றது சுலபம் டீச்சர். நான் யாரோதானே?"

படிவத்தில் பாதியை மையமே நிரப்பிவிட்டது. பள்ளியின் பெயர், தேதி, 'பதிவில் உள்ள மாணவர்கள்: 32'. டீச்சர் அதை நான்காக மடித்துக் கைப்பையில் வைத்தார். அங்கேயே அது ஒன்பது நாள் கிடந்தது.

ஒன்பது நாளும் அவர் தனக்குத்தானே நியாயம் பேசினார். போயும் போயும் நாற்பதில் ஒரு வகுப்பு. சான்றிதழ் போகும், பேப்பரில் பெயர் வரும், ரிட்டயர் ஆக இரண்டு வருடம் இருக்கும்போது தலைகுனிவு. அதையெல்லாம்கூடத் தாங்கிக்கொள்ளலாம். ரோஸ்லினிடம் போய் காய்ச்சல் இல்லை என்று சொல்வதைத்தான் தாங்க முடியாது. தன்னை ஒருத்தி கவனித்தாள் என்று இருபது வருடமாக நெஞ்சில் வைத்திருக்கிறாளே, அதைக் கையைவிட்டுப் பிடுங்குவதா? அது அவளுக்குச் செய்யும் இரண்டாவது அநியாயம் இல்லையா? இப்படி யோசிக்கும்போது டீச்சருக்குத் தன் கோழைத்தனமே கருணை மாதிரி தெரிந்தது. அது தெரிந்ததும் இன்னும் அசிங்கமாக இருந்தது.

பத்தாம் நாள் வகுப்பில் ஆக்ஸிலியாவின் பலகையில் 'கடைசி நடை'யின் சுருக்கம் வந்தது. 'வெள்ளம் வந்தது. பரிசல்காரர் மக்களைக் காப்பாற்றினார். துடுப்பைத் தோளில் சுமந்து சென்றார். அவர் தொழில்பற்று மிக்கவர்.' அந்தப் பெண் அதை ஐந்து நிமிடம் பார்த்துக்கொண்டிருந்தாள். பலகையின் ஓரத்தில் 'தாமதம்' என்று சிவப்புப் பொட்டு எரிந்தது.

"முடிச்சிட்டியா?" என்றார் டீச்சர்.

"முடிச்சிட்டேன். ஆனா இதுல கதை எங்க டீச்சர் இருக்கு?"

மதியச் சாப்பாட்டு மணி அடித்ததும் டீச்சர் பீரோவிலிருந்து பழைய பாடப்புத்தகத்தை எடுத்து வந்தார். விதிப்படி இது கூடாது. ஆக்ஸிலியா வேப்பமரத்தடி பெஞ்சில் உட்கார்ந்து படித்தாள். விரல் வரிமேல் ஊர்ந்தது, நின்றது, மேலே போனது, பக்கத்தைத் திருப்பி முந்தைய பக்கத்துக்கே வந்தது. சாப்பாட்டு நேரம் முடிந்து மணி அடித்தது. டீச்சர் எழுப்பவில்லை. ஒரு பிள்ளை படித்து முடிக்கும் வரை சும்மா உட்கார்ந்திருப்பது இத்தனை கஷ்டமான வேலை என்று முப்பத்தொரு வருட சர்வீஸில் அவருக்குத் தெரியாமல் போயிற்று.

கடைசியில் ஆக்ஸிலியா புத்தகத்தை மூடினாள். அவள் எதையும் எண்ணிக் காட்டவில்லை. காரணமும் கேட்கவில்லை.

"டீச்சர், அந்தப் பரிசல்காரருக்கு அதுக்கப்புறம் தூக்கம் வந்துச்சா?"

டீச்சர் வாயைத் திறந்தார். உரைநூலில் இதற்கு விடை இல்லை. அவரிடம் இருந்தது.

"வரலம்மா" என்றார்.

மறுநாள் சனிக்கிழமை. பத்து மணிக்கு பஸ் ஸ்டாண்டு ஓரத்துக் கடைக்குப் போனார். ரோஸ்லின் யாருடைய பள்ளிச் சீருடைக்கோ காலர் வைத்துக்கொண்டிருந்தாள். "வாங்க டீச்சர்! நீங்க சொல்லி அனுப்பியிருந்தா நானே வந்திருப்பேனே" என்று ஸ்டூலைத் துணியால் தட்டிப் போட்டாள். அந்த மரியாதை டீச்சரைக் குத்தியது.

அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார். சுற்றி வளைத்தால் வாய் வராது என்று தெரிந்து, நேராகவே ஆரம்பித்தார்.

"ரோஸ்லின், அன்னிக்கு உனக்குக் காய்ச்சல் இல்ல. உன் கண்ணும் செவக்கல. நீ கேட்ட கேள்விக்கு எனக்குப் பதில் தெரியல. கேமரா முன்னாடி கேட்டுடுவியோன்னு பயந்து வீட்டுக்கு அனுப்பினேன். நீ சொன்னதுதான் சரி. நாலு பேர் நின்னாங்க. மூணு பேர்தான் இறங்கினாங்க. இன்னிக்கு ஆக்ஸிலியாவைச் சுருக்கத்துல போட்டதும் அந்த வகுப்பை வெச்சுத்தான்."

தையல் மிஷின் நின்றது.

"காய்ச்சல் இல்லையா?"

"இல்ல."

"நான் வீட்ல போயி படுத்தேன் டீச்சர்." அவள் குரல் உயரவில்லை. "டீச்சர் சொல்லிட்டாங்கன்னு போர்வையைப் போத்திக்கிட்டு நாள் பூரா படுத்தேன். சாயங்காலம் நெஜமாவே உடம்பு சுட்ட மாதிரி இருந்துச்சு. உங்களுக்கு எப்படி முன்னாடியே தெரிஞ்சுதுன்னு ஆச்சரியப்பட்டேன்." அவள் கண்கள் நிறைந்தன. "இதை எத்தனை பேர்கிட்ட சொல்லியிருக்கேன் தெரியுமா? நீங்க சொல்லாமயே இருந்திருக்கலாம்."

"இருந்திருக்கலாம். ஆனா உன் பொண்ணுக்கு நீ வேணும்." டீச்சர் படிவத்தை வெட்டுமேசைமேல் விரித்தார். மடிப்புகள் நைந்திருந்தன. "இதுல நான் போட்டுட்டேன். நீயும் கையெழுத்துப் போட்டா எல்லாப் பிள்ளைங்க பாதையும் நிக்கும். என்னை மன்னிக்கணும்னு கேக்க வரல. அதுக்கு எனக்கு வாய் இல்ல."

ரோஸ்லின் முகத்தை முந்தானையில் துடைத்துக்கொண்டு, காலர் தையலை முடித்தாள், நூலைக் கடித்து அறுத்தாள், சட்டையை மடித்து வைத்தாள். அப்புறம்தான் படிவத்தை எடுத்தாள். விரலை வைத்து வரி வரியாகப் படித்தாள். தேதியைப் படித்தாள், பள்ளியின் பெயரைப் படித்தாள், கீழே போனாள், மறுபடி மேலே வந்தாள். வெளியே இரண்டு பஸ் வந்து போயின. டீச்சர் நின்றுகொண்டே இருந்தார். முடிந்துவிட்டது என்ற நிம்மதி ஒன்று அவருக்குள் மெல்ல இறங்க ஆரம்பித்தது. சொல்ல வேண்டியதைச் சொல்லியாயிற்று. ஒரு மனுஷி செய்ய முடிந்தது அவ்வளவுதான்.

ரோஸ்லின் பேனாவை எடுத்தாள். எடுத்தவள் தலையைச் சாய்த்தாள்.

"டீச்சர், இதுல முப்பத்திரண்டு பேர்னு போட்டிருக்கு."

"ஆமா. கேமராவுல இருந்தவங்க. உன்னைச் சேர்த்து முப்பத்துமூணு."

"நாங்க முப்பத்தஞ்சு பேர் டீச்சர். எனக்கு நல்லாத் தெரியும். அந்த வருஷம் கிறிஸ்மஸுக்கு எங்கம்மா முப்பத்தஞ்சு துண்டு கேக்கு எண்ணிக் கட்டிக் கொடுத்தாங்க. ஒண்ணுகூட மிஞ்சல." அவள் நிமிர்ந்து பார்த்தாள். அந்தப் பார்வையில் கோபம் இல்லை. பதினோரு வயதில் எழுந்து நின்றபோதும் இப்படித்தான் பார்த்தாள். "மீதி ரெண்டு பேரு யாரு?"

டீச்சர் சிரிக்கப் பார்த்தார். ரெண்டு பேரா? யார் ரெண்டு பேர்? அந்த நாள்தான் அவருக்கு நிமிஷத்துக்கு நிமிஷம் ஞாபகம் இருக்கிறதே. வகுப்பு, கேமரா, கைகள், ஜன்னலோரம் காலியாகக் கிடந்த இடம்... பிறகு மெதுவாக, மறைத்து வைத்திருந்த எதையோ யாரோ நகர்த்துவதுபோல், ஒன்று தெரிந்தது. வாய் திக்கும் பையன் ஒருவன். வந்தவர்களின் காரைப் பார்த்துக்கொள் என்று வெயிலில் நிறுத்தியிருந்தார். நாள் முழுக்க நின்றான். வேலாயுதம்.

"வேலாயுதம்" என்றார். குரல் அவருக்கே கேட்கவில்லை.

"இன்னொண்ணு?"

டீச்சர் யோசித்தார். ஆணா பெண்ணா என்றுகூட வரவில்லை. என்ன பொய் சொல்லி அனுப்பினார், எங்கே அனுப்பினார், அந்தப் பிள்ளை எந்த பெஞ்சு? இருபது வருடமாகத் தினமும் குற்றஉணர்ச்சியில் வெந்ததாக நினைத்தவருக்கு, அந்த முகம் ஒருநாளும் வந்து நின்றதில்லை. ஸ்டூலில் உட்கார்ந்தார்.

"தெரியல ரோஸ்லின்."

ரோஸ்லின் பேனாவை மூடவில்லை. படிவத்தை மேசைமேல் வைத்து, காற்றில் பறக்காமல் கத்தரிக்கோலை அதன்மேல் வைத்தாள். அடுத்த சட்டையை எடுத்து மிஷினில் பொருத்தினாள்.

"அவசரமில்ல டீச்சர்" என்றாள். "யோசிச்சுச் சொல்லுங்க. நான் இருக்கேன்."